பேரிளம்பெண்ணுக்கு அப்பால்: 'எண்பதுகள்' விருந்தும் வயதான உடலும்

1

விருந்துக்கு அழைக்கிறார்கள். அழைப்பிலேயே உடுப்பும் விதிக்கப்பட்டிருக்கிறது: 'தீம் - எண்பதுகள்'. அலுவலகப் பிரிவுபசாரம், கல்லூரி விழா, அடுக்குமாடிக் குடியிருப்பின் புத்தாண்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆட்டம்பாட்டம் என்று எல்லா இடத்திலும் இந்த வழக்கம் வந்துவிட்டது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் 25, 30 வயசுக்காரர்கள். நடுவில் 55 வயதுப் பெண் ஒருத்தி. 'மேடம், நீங்களும் கண்டிப்பா தீம்லதான் வரணும். சும்மா பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு வந்து நின்னுடாதீங்க' என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். அவளுக்கு இரண்டு நாள் தூக்கம் கெடுகிறது. எதைக் கட்டினால் எடுப்பாக இருக்கும்? எதைக் கட்டினால் சிரிப்பார்கள்?

இதுக்கெல்லாமா கட்டுரை என்று கேட்கிற தோழர்கள் உண்டு. உடுப்பு அற்ப விஷயம் என்று இந்த மண்ணில் யாரும் சொல்லிவிட முடியாது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காக 1822 தொடங்கி நடத்திய போராட்டம் 1859 அரசாணையில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. 2014 ஜூலையில் சென்னையில் வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு மன்றத்துக்குள் விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டது. நீதிபதிக்குச் சட்டம் வந்தது சரி. வாயிற்காப்போன் தடுக்காமல், விருந்தினர்களின் பார்வையே தடுக்கிற இடத்தில் என்ன சட்டம் போடுவது?

விதி எழுதப்பட்டிருந்தால் எதிர்க்கலாம். வயதான பெண்ணின் உடுப்பு பற்றிய விதி எங்கும் எழுதப்படவில்லை. அது ஓரக்கண்ணில் இருக்கிறது. 'சூப்பரா இருக்கு ஆன்ட்டி' என்பதில் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது.

2

நம் மொழியிலிருந்தே தொடங்கலாம். சிறுவயதுப் பெண்ணுக்கு உடுப்பு 'எடுப்பாக' இருக்கிறது. கொஞ்சம் வயசானால் 'பாந்தமாக' இருக்கிறது. இன்னும் போனால் 'லட்சணமாக', 'மங்களகரமாக'. எடுப்பு என்பது கண்ணை இழுப்பது, எடுத்துக் காட்டுவது. பாந்தம் என்பது உறுத்தாமல் பொருந்திப்போவது. மங்களகரம் என்பதற்குப் பெண்ணின் உடம்போடு சம்பந்தமே இல்லை; புருஷன் உயிரோடு இருப்பதற்கான அறிவிப்பு அது. புருஷன் போனபின் அந்தச் சொல்லும் போய்விடும். வயது ஏற ஏறப் பாராட்டுச் சொற்கள் உடலைவிட்டு விலகிக்கொண்டே போவதை இங்கே கவனிக்க வேண்டும். இந்த ஏணியில் ஒரு படி பின்னால் இறங்க நினைத்தால் வசவு தயாராக இருக்கிறது: 'வயசுக்கேத்த மாதிரியா உடுத்துறா?'

உலா இலக்கியத்தில் இந்த ஏணிக்கு இலக்கணமே உண்டு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்கள். வீதியில் தலைவன் பவனி வர, ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குகிறார்கள். பருவ வயதில் பாட்டியல் நூல்களுக்கிடையே வேறுபாடு உண்டு. பரவலாக வழங்கும் கணக்கில் பேரிளம்பெண் 32லிருந்து 40 வரை. அதோடு பட்டியல் முடிந்தது. 41 வயதுப் பெண் வீதிக்கே வரவில்லையா? வந்திருப்பாள். பிரதி அவளைப் பார்க்கவில்லை. அவள் பார்ப்பதையும் பதிவு செய்யவில்லை. 'பேரிளம்' என்ற சொல்லைப் பாருங்கள்; கடைசிப் பருவத்தைக்கூட இளமையின் நீட்சியாகவே பெயரிட வேண்டியிருக்கிறது. இளமைக்கு வெளியே பெண்ணுக்குச் சொல் இல்லை.

சூசன் சொன்டாக் 1972இல் மூப்பின் இரட்டை அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரை சொல்வதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆணுக்கு அழகின் அளவுகோல் இரண்டு: இளைஞனின் அழகு ஒன்று, முதிர்ந்த ஆணின் அழகு இன்னொன்று. பெண்ணுக்கு ஒன்றுதான்; அது இளம்பெண்ணின் அழகு. 'மங்காத்தா' (2011) படத்தில் அஜித் நரைத்த தலையோடு வந்தார். அது ஸ்டைல் ஆயிற்று. ரஜினிகாந்த் திரைக்கு வெளியே வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாக வருவதற்கு 'எளிமை' என்று பெயர். அவரோடு நடித்த ஒரு நடிகை அப்படி மேடையேறினால் 'ஐயோ, எப்படி ஆயிட்டாங்க!' என்பார்கள். ஆண் மூப்பை அணிகிறான். பெண்ணை மூப்பு தாக்குகிறது.

3

இனி 'எண்பதுகள்' என்ற அந்தப் பிரதி. இதற்கு இப்போது ஒரு பொருள் பட்டியல் உண்டு: புள்ளி போட்ட சேலை, பஃப் கை வைத்த ரவிக்கை, பெரிய வளையம், கலர் கலராய் ரப்பர் வளையல், ஒருபக்கம் ஒதுக்கிக் கட்டிய முடி, பின்னணியில் இளையராஜா. இதன் உருவ மாதிரி 'பூவே பூச்சூடவா' (1985) நதியா. அந்தப் படத்துக்குப் பிறகு கம்மலுக்கும் வளையலுக்கும்கூட நதியா பெயர் வந்தது. கடைத்தெருவில் கூவி விற்றார்கள்.

அதே படத்தில் பாட்டியாக வருபவர் பத்மினி. 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. 17 வருஷத்தில் பாட்டி. நதியாவுக்கும் இதேதான் நடந்தது. 1985இல் பேத்தி, 2004இல் 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி'யில் அம்மா. 'எண்பதுகள்' விருந்துக்குப் போகிற எல்லோரும் நதியாவாகப் போகிறார்கள். பத்மினியாக யாரும் போவதில்லை. அவரும் எண்பதுகளில்தான் இருந்தார், அதே சட்டகத்தில், அதே வெளிச்சத்தில். ஆனால் ஒரு காலத்தை 'தீம்' ஆக்கும்போது அந்தக் காலத்து இளைஞர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறோம். அப்போதைய கிழவிகள் காலமற்றவர்கள். அவர்களுக்கு எண்பதுகள் இல்லை, இருபதுகளும் இல்லை.

நம் 55 வயதுக்காரியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 1985இல் அவளுக்கு வயசு பதினைந்து. மற்றவர்களுக்கு வேடமாக இருப்பது அவளுக்கு நினைவு. பஃப் கை வைத்துத் தைத்துத் தரச் சொல்லி அழுதிருக்கிறாள். வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறாள். இன்று அதையே போட்டுக்கொண்டு போனால், இளம்பெண்கள் போட்டால் 'க்யூட்'. அவள் போட்டால் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறாள் என்று அர்த்தமாகும். குறி ஒன்றுதான், தாங்கும் உடலைப் பொறுத்து குறிப்பீடு தலைகீழாகிறது. போலச் செய்பவர்களுக்குக் கிடைக்கும் சலுகை, உண்மையிலேயே அங்கிருந்து வந்தவளுக்குக் கிடைப்பதில்லை.

2009லிருந்து எண்பதுகளின் தென்னிந்திய நடிகர் நடிகையர் தங்களுக்குள் கூடும் சந்திப்பு நடக்கிறது. அங்கும் உடுப்பு விதி உண்டு. ஆனால் அவர்கள் எண்பதுகள் வேடம் போட்டு வருவதில்லை. ஒரு நிறத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். 2019இல் ஐதராபாத்தில் சிரஞ்சீவி வீட்டில் கூடியபோது கறுப்பும் பொன்னிறமும். அந்தக் காலத்தைச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தை உடுத்திக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. எல்லோரும் ஏறக்குறைய ஒரே தலைமுறை என்பதால் அங்கே 'ஆன்ட்டி' என்று யாரும் இல்லை. நட்சத்திரங்களுக்குக் கிடைக்கும் இந்த வசதி நம் குமாஸ்தா அம்மாவுக்கு இல்லை, அவள் தனியாள்.

4

'பழைய சேலை ஏதாவது இருக்கும்ல, அதக் கட்டிக்கிட்டு வாங்க' என்கிறார்கள். யாரிடம் இருக்கும்? பீரோ இருந்த வீட்டில் இருக்கும். எண்பதுகளின் நைலக்ஸும் பாலியெஸ்டரும் இன்றும் சாயம் போகாமல் கிடக்கின்றன. பட்டு மடிப்பு வாக்கில் விட்டுப்போகும். ஆனாலும் பெட்டியில் இருக்கும். நூல் சேலை மட்டும் கட்டியவளிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. அது தூளியாகி, தீட்டுத் துணியாகி, கரித்துணியாகி, திரியாக எரிந்து முடிந்திருக்கும். ஏழைகளின் எண்பதுகள் பெட்டியில் சேரவில்லை. பயன்பட்டுத் தீர்ந்துபோயிற்று.

எண்பதுகளுக்கு இன்னொரு சேலையும் உண்டு. 1983இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் பொங்கல் சேலை. நெசவாளருக்கு வேலை, இல்லாதவருக்குத் துணி என்ற கணக்கில் வந்தது. தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான பெண்கள், அதிலும் வயதானவர்கள், அதைக் கட்டினார்கள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அந்தப் பத்தாண்டின் உடுப்பு என்று சொல்ல அதற்கு நதியா வளையலைவிட அதிக உரிமை உண்டு. எந்த விருந்திலாவது அது தீமாக வருமா? வந்தால் அதைவிட அசிங்கம் இல்லை என்பதும் நமக்குத் தெரியும். பொங்கலுக்கு அலுவலகங்களில் நடக்கும் 'கிராமத்து' வேடத்தில் இந்த அசிங்கம் ஏற்கெனவே பாதி நடந்துகொண்டுதான் இருக்கிறது. கண்டாங்கியைக் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, கையில் ஒரு அரிவாளோடு போட்டோ. அந்தச் சும்மாட்டின் மேல் சுமை கிடையாது. அந்த அலுவலகத்தையே கூட்டிப் பெருக்குகிற அம்மா ஓரமாக நின்று பார்க்கிறாள். அவள் அன்றைக்கு நைலான் சேலைக்கு மேல் நிறுவனத்தின் நீலக் கோட்டு போட்டிருக்கிறாள். அது அவளுக்கு விதிக்கப்பட்ட தீம்.

5

மிகயீல் பக்தினைப் படித்தவர்கள் இந்த இடத்தில் கார்னிவலைக் கொண்டுவருவார்கள். வேடம் போட்டால் மேல் கீழ் கலைந்துவிடும், வயதும் கலையும் என்பார்கள். பக்தின் ரபலே பற்றிய நூலில் (1965) கெர்ச் சுடுமண் பாவைகளைக் குறிப்பிடுகிறார். கிழவிகள், கர்ப்பிணிகள், சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சாவும் பிறப்பும் ஒரே உடம்பில். முடிவுபெறாத உடல் என்பதற்கு அவர் காட்டும் பெரிய உதாரணம் கிழவியின் உடல்தான். நம் தீம் விருந்தில் இந்த உடலுக்கு இடமே இல்லை. கார்னிவலில் பார்வையாளர் கிடையாது, எல்லோரும் ஆடுகிறவர்கள். இங்கே எல்லோர் கையிலும் கேமரா. ராத்திரி படங்கள் வரும்போது அவள் முதலில் பார்ப்பது தன் கையின் தளர்ந்த சதையைத்தான்.

வயதையே தீம் ஆக்கிய ஒரு முயற்சி அமெரிக்காவில் நடந்தது. 1998இல் கலிபோர்னியாவில் சூ எலன் கூப்பர் தொடங்கிய சிவப்புத் தொப்பிச் சங்கம். 50 வயது தாண்டியவர்கள் சிவப்புத் தொப்பியும் ஊதா உடையுமாகக் கூடுவார்கள். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் இளஞ்சிவப்புத் தொப்பி, வெளிர் ஊதா உடை, காத்திருக்க வேண்டும். 1961இல் ஜென்னி ஜோசப் எழுதிய ஒரு கவிதை இதற்குத் தூண்டுதல். ஏணியை அப்படியே கவிழ்த்தது இதன் பலம். பொருந்தாத நிறங்களை வேண்டுமென்றே சேர்த்ததில் பாந்தத்தின் மீது ஒரு நல்ல குத்து இருக்கிறது. சீக்கிரமே தொப்பி வியாபாரமானது என்பதும் உண்மை. அதைவிட, வயதானவர்கள் தனியாகக் கூடி நிறத்தைக் கொண்டாடுவது, கலந்த கூட்டத்தில் நிற்கும் ஒற்றைப் பெண்ணுக்கு எதையும் தீர்த்துவைக்காது.

6

அப்போ அவள் என்னதான் கட்டிக்கொண்டு போவது?

கடைக்காரரும் பத்திரிகையும் சொல்லும் பதில் தெரிந்ததுதான். அடர்நிறம் கட்டு, இளைத்துக் காட்டும். முக்கால் கை வை, சதை தெரியாது. பெரிய பூ வேண்டாம். ரொலாண் பார்த் ஃபேஷன் பற்றிய நூலில் (1967) துணியை விட்டுவிட்டு, பத்திரிகையில் துணிக்குக் கீழே எழுதியிருக்கும் வாக்கியங்களை ஆராய்ந்தார். இந்த வாக்கியங்களையும் அப்படிப் படித்தால் ஒன்று விளங்கும். இவற்றின் வினைச்சொற்கள் எல்லாம் மறைப்பதைப் பற்றியவை. இளையவளுக்கு 'எடுப்பு' என்றால் காட்டுவது. மூத்தவளுக்கு எதையெல்லாம் ஒளிக்கிறோம் என்பதன் கூட்டுத்தொகை. ஒளித்து முடித்தபின் எஞ்சுவது யார்?

மறைப்பு தேவையில்லை என்று வீரமாகச் சொல்லிவிட்டு நழுவவும் கூடாது. கையில்லாத ரவிக்கை போட அவளுக்கு வெட்கமாக இருந்தால் அந்த வெட்கம் நிஜம். 'கூச்சத்தை விடுங்க தோழர்' என்பதும் இன்னொரு உடுப்பு விதிதான். எதில் அவளால் மூச்சுவிட முடிகிறதோ, குனிந்து நிமிர முடிகிறதோ, ஆடச் சொன்னால் ஆட முடிகிறதோ, அதிலிருந்துதான் எடுப்பு தொடங்கும்.

தீமைப் பொறுத்தவரை, நதியாவாகப் போவதும் பட்டுச்சேலைக்குள் ஒளிவதும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டு. முழு வேடத்தை மறுத்து ஒரே ஒரு குறியை எடுப்பது. அந்தக் காலத்துச் சேலை ஒன்று நிஜமாகவே இருந்தால், அதை இன்றைய உடம்புக்குப் பொருந்துகிற புது ரவிக்கையோடு கட்டுவது. பழைய ரவிக்கைதான் வேண்டுமென்றால் தையல்காரர் உள்ளே விட்டுத் தைத்த துணி இருக்கும், பிரித்து விடலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்த தையல்களின் தடம் ரவிக்கையின் உட்பக்கம் வரிவரியாகத் தெரியும். பெண்ணுடலின் வரலாறு பற்றி நம்மிடம் இருக்கும் நேர்மையான ஆவணங்களில் அதுவும் ஒன்று. சேலை எதுவும் மிஞ்சவில்லையென்றால் வளையம் மட்டும் போதும். அதுவும் வேண்டாமென்றால் தினம் கட்டுகிற சேலையில் போகட்டும். கேட்டால் சொல்லலாம்: 'எண்பதுகள்ல நான் இருந்தேன். நீங்கதான் வேஷம் போட்டு வந்திருக்கீங்க.'

இந்த வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிற இடமாக விருந்து இருக்கிறதா என்பதுதான் அழைத்தவர்களுக்கான கேள்வி. இதுவரை தேர்வின் சுமை முழுக்க அவள் தலையில். தீமை முடிவு செய்யும்போது அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் வேறு எண்பதுகளைச் சொல்லியிருப்பாள்: ரேஷன் வரிசை, தெருவில் ஒரே வீட்டில் டிவி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், முதல் சம்பளத்தில் எடுத்த வாயில் சேலை. அதிலிருந்து ஒரு விருந்தை உருவாக்க முடியாதா? முடியும். அப்போது நீலக் கோட்டு அம்மாவும் ஓரமாக நிற்க வேண்டியிருக்காது. அவளுக்கும் எண்பதுகள் உண்டு.