பசி திறந்துவைத்த வாசல்கள்

ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உட்சவ்வு எல்லா செல்களுக்கும் பொதுவானது. அதற்கு வெளியே உள்ள இரண்டாம் சவ்வின் புறப்பக்கத்தில் லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறுகள் நெருக்கமாக அடர்ந்திருக்கும். குடலில் பித்த உப்புகளையும் பல எதிருயிரி மருந்துகளையும் தடுப்பது இந்த வெளிச்சவ்வுதான். சர்க்கரையும் இரும்பும் வைட்டமினும் அதே சவ்வைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். தற்காப்பும் வேண்டும், உணவும் வேண்டும் என்ற இந்த நெருக்கடியை பாக்டீரியா எப்படிச் சமாளிக்கிறது என்பதே வெளிச்சவ்வை ஆராயும் துறையின் மையக் கேள்வி. இதுவரை கிடைத்த விடைகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: உணவுக்காகத் திறந்த வாசல்கள் பலவும் பகைக்கும் வழிவிட்டிருக்கின்றன.

முதலில் மிக எளிய வழி. ஹிரோஷி நிக்காய்டோவும் தாய்ஜி நகாயேவும் 1970களில் செய்த ஆய்வுகள், வெளிச்சவ்வில் நீர் நிரம்பிய துளைகளை அமைக்கும் புரதங்களை அடையாளம் காட்டின. இவை போரின்கள். சுமார் 600 டால்டன் எடை வரையுள்ள, நீரில் கரையும் சிறு மூலக்கூறுகள் ஆற்றல் செலவின்றி இவற்றின் வழியே பரவிச் செல்கின்றன. ஈ.கோலையின் ஓம்ப்எஃப் போரினின் அமைப்பு 1992இல் வெளியானது: 16 பீட்டா இழைகள் வளைந்து ஒரு பீப்பாயாகின்றன, மூன்று பீப்பாய்கள் சேர்ந்து நிற்கின்றன. பென்சிலின் வகை மருந்துகள் பலவும் இத்தகைய துளைகள் வழியாகவே நுழைகின்றன.

சில வாசல்கள் ஆள் பார்த்துத் திறப்பவை. மால்டோஸ் தொடர்களைக் கடத்தும் லாம்பி புரதத்தில்தான் பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸ் வந்து ஒட்டுகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா அமினோ அமிலங்களுக்காக வைத்திருக்கும் ஓப்ர்டி வழியாக இமிபெனெம் மருந்து உள்ளே போகிறது. அந்தப் புரதத்தை இழந்த கிருமிகள் அம்மருந்துக்கு அடங்குவதில்லை.

துறையின் மிகச் செழிப்பான பகுதி இரும்பைப் பற்றியது. காற்றுள்ள சூழலில் இரும்பு ஏறக்குறைய கரையாத வடிவில் கிடக்கிறது. அதைப் பிடித்துவர ஈ.கோலை என்டிரோபாக்டின் என்ற சிடரோஃபோர் மூலக்கூறை வெளியே அனுப்புகிறது. இரும்போடு திரும்பும் அந்த மூலக்கூறு போரினுக்குள் அடங்காத அளவு பெரியது. அதற்கெனத் தனி ஏற்பி வேண்டும். சால்வடோர் லூரியாவும் மேக்ஸ் டெல்ப்ரூக்கும் 1943இல் டி1 வைரஸுக்குத் தப்பிய ஈ.கோலைகளை ஆராய்ந்தபோது, இவ்வகை வாசல் ஒன்றின் அருகில்தான் நின்றிருந்தார்கள். அந்த வைரஸ் பற்றும் எஃப்எச்யூஏ புரதம் ஃபெரிக்ரோம் என்ற இரும்புச் சேர்மத்தின் ஏற்பி என்பது 1970களில் தெரியவந்தது. 1998இல் இரண்டு குழுக்கள் அதன் அமைப்பை வெளியிட்டன: 22 இழைப் பீப்பாய், அதன் உள்ளே ஓர் அடைப்பு. இந்த வாசலை இயக்க ஆற்றல் வேண்டும், ஆனால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வெளிச்சவ்வில் கிடையாது. ஆகவே உட்சவ்வின் புரோட்டான் வேறுபாட்டிலிருந்து கிடைக்கும் விசையை எக்ஸ்பி‌பி, எக்ஸ்பி‌டி, டான்‌பி ஆகிய மூன்று புரதங்களின் கூட்டு வெளியே கொண்டுசேர்க்கிறது. அடைப்பு முழுதும் வெளியேறுகிறதா, ஒரு பகுதி மட்டும் அவிழ்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

மனிதக் குடலில் வாழும் பாக்டீராய்டிஸ் இனங்கள் இதே ஏற்பாட்டை மாவுச்சத்துக்கும் நார்ச்சத்துக்கும் பயன்படுத்துகின்றன. சஸ்சி என்ற பீப்பாயின் மேல் சஸ்டி மூடியாக அமர்ந்து, உணவு வந்ததும் மூடிக்கொள்கிறது. இவ்வகைப் புரத இணைகளின் அமைப்பு 2017இல் வெளியானது.

இரும்பு வாசல்கள் பற்றிய இந்த அறிவு மருத்துவத்துக்கும் வந்துவிட்டது. நம் உடல் லிப்போகாலின்-2 என்ற புரதத்தால் என்டிரோபாக்டினைக் கவர்ந்து கிருமியைப் பட்டினி போடுகிறது. சால்மொனெல்லா அம்மூலக்கூறில் குளுக்கோஸைச் சேர்த்து அதிலிருந்து தப்புகிறது. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செஃபிடெரோகால் சிடரோஃபோர் போல இரும்பைப் பற்றி, சிடரோஃபோர் ஏற்பிகள் வழியே நுழையும் எதிருயிரி. ஏற்பியை இழந்து அதையும் எதிர்க்கும் கிருமிகள் தோன்றியுள்ளன.

செஃபிடெரோகாலின் திறனை ஆய்வகத்தில் அளக்க இரும்பு நீக்கிய ஊடகம் தேவை. இரும்பு தாராளமாகக் கிடைக்கும்போது பாக்டீரியா அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. மருந்தின் உண்மையான வலிமை தெரியாமல் போகிறது. அடுத்த கட்ட ஆய்வுக்கான பாடம் இதுதான் என்று நம்புகிறேன். நோயாளியின் நுரையீரலிலும் சிறுநீர்ப் பாதையிலும் கிருமிக்கு எது கிடைக்கவில்லை என்பதை அறிந்தால்தான், அங்கே எந்த வாசல் திறந்திருக்கும் என்று சொல்ல முடியும். வளமான ஊடகத்தில் கொழுத்து வளர்ந்த கிருமியை மட்டும் பார்த்து மருந்து வடிவமைக்கும் வழக்கம் மாற வேண்டும்.