விசுவாசத்துக்கு நட்ட கல்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்றொரு சின்ன மலையூர். ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு பொட்டோமாக், ஷெனன்டோவா என்ற இரண்டு ஆறுகள் கூடுகிற இடம். இன்று குடியிருப்பவர்கள் முன்னூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். ஆனால் ஆற்றங்கரையை ஒட்டிய அதன் பழைய கடைவீதியிலும் அதற்கு மேலே உள்ள மேட்டிலும் இருக்கிற நினைவுச் சின்னங்கள் நூறு வருஷமாக ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. நான் அந்த ஊருக்குப் போனதில்லை. கற்களில் வெட்டிய வாசகங்கள் அச்சில் கிடைக்கின்றன. அவற்றைப் பிரதிகளாக வைத்துக்கொண்டு வாசிக்கப் பார்க்கிறேன். கவிதையை விமர்சிக்கிறோம், நாவலை விமர்சிக்கிறோம், கல்லை மட்டும் ஏன் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்?

இது நமக்கு அந்நியமான ஊருமில்லை. அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி'யை 1873இல் காணிக்கையாக்கினார். இந்த ஊரில் வைப்பதற்கென்று ஒரு வாசகத்தை எழுதிய டுபாய்ஸுக்கு 1946இல் பாபாசாகேப் கடிதம் எழுதியிருக்கிறார். அது பின்னால்.

முதலில் நடந்த கதை. ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் அரசாங்கத்தின் ஆயுதத் தொழிற்சாலையும் கிடங்கும் இருந்தன. 1859 அக்டோபர் 16 ஞாயிறு இரவு ஜான் பிரவுன் என்ற வெள்ளைக்காரர், அடிமை ஒழிப்பில் வெறி பிடித்தவர், ஆட்களோடு வந்து அதைப் பிடித்தார். அவரோடு சேர்ந்தவர்கள் மொத்தம் 21 பேர். ஐந்து பேர் கறுப்பர்கள்: டேஞ்சர்ஃபீல்ட் நியூபி, லூயிஸ் லியரி, ஜான் கோப்லண்ட், ஷீல்ட்ஸ் கிரீன், ஆஸ்போர்ன் ஆண்டர்சன். துப்பாக்கிகளை எடுத்து அடிமைகளுக்குக் கொடுப்பது, மலையைப் பிடித்துக்கொண்டு போராடுவது என்பது திட்டம். முப்பத்தாறு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தொழிற்சாலையின் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குள் ஒடுங்கியவர்களை, ராபர்ட் லீ தலைமையில் வந்த கடற்படை வீரர்கள் 18ஆம் தேதி காலை கதவை உடைத்துப் பிடித்தார்கள். பிரவுனை டிசம்பர் 2இல் தூக்கில் போட்டார்கள். கோப்லண்டையும் கிரீனையும் டிசம்பர் 16இல். அந்த இருவர் பிணங்களும் மருத்துவக் கல்லூரிக்கு அறுத்துப் படிக்கப் போயின. இது மட்டும் எந்த ஊரிலும் மாறுவதில்லை.

அந்த இரவில் உயிர் போகிற அளவுக்கு முதலில் குண்டடி பட்டவர் யார் தெரியுமா? ஹேவர்ட் ஷெப்பர்ட். பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில்வேயில் மூட்டை தூக்குகிற வேலை. கறுப்பர். அடிமை கிடையாது. பக்கத்து வின்செஸ்டரில் மனைவி மக்களோடு குடும்பம். ரயில் நிலையத்தில் இருந்தவர் என்ன சத்தம் என்று பாலத்துப் பக்கம் போயிருக்கிறார். விடுதலை செய்ய வந்தவர்கள் சுட்டுவிட்டார்கள். பல மணி நேரம் கிடந்து செத்தார். அடிமைகளை விடுவிக்க வந்த படையால் முதலில் செத்தது ஒரு கறுப்புக் கூலியாள். இதை ஜீரணிக்க முடியாமல்தான் எல்லாச் சின்னங்களும் திணறுகின்றன.

1931 அக்டோபர் 10. கடைவீதியில், ரயில் நிலையத்துப் பக்கம் போகும் பொட்டோமாக் தெருவில், ஒரு பெரிய கருங்கல்லைத் திறந்து வைத்தார்கள். நட்டது யார்? கூட்டமைப்பின் புதல்விகள் சங்கமும், கூட்டமைப்பு வீரர்களின் புதல்வர்கள் சங்கமும். அதாவது, அடிமை முறையைக் காப்பாற்ற 1861 முதல் 1865 வரை போர் செய்து தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் வாரிசுகள். ஆண்டைகளின் பேத்திகள் மூட்டை தூக்கியவருக்குக் கல் நடுகிறார்கள்! முதலில் அவர்கள் திட்டம் போட்டது 'விசுவாசமான அடிமை'க்கு நினைவுச் சின்னம். இதே புதல்விகள், வெள்ளைக் குழந்தைகளை வளர்த்த கறுப்பு ஆயாம்மாக்களுக்கு வாஷிங்டனில் சிலை வேண்டும் என்று கேட்டு, 1923இல் செனட் அதற்குச் சம்மதமும் தந்திருந்தது. கறுப்பர் எதிர்ப்பு கிளம்பியது, மற்ற அவையில் அது செத்துப் போனது.

கல்லின் வாசகம் இரண்டு பகுதியாக இருக்கிறது. முதல் பகுதி நேர்மையான பத்திரிகைச் செய்தி மாதிரி ஆரம்பிக்கிறது. ஷெப்பர்ட் உழைப்பாளி, மதிப்புக்குரிய சுதந்திரக் கறுப்பர், ரயில்வே வேலையைச் செய்துகொண்டிருந்தபோது பிரவுனின் ஆட்களால் காயப்பட்டார், அந்தக் கலக முயற்சியின் முதல் பலி. இதில் பொய் இல்லை. ரெண்டாவது பகுதியில்தான் கை மாறுகிறது. போர் நடந்த வருஷங்களில் எத்தனையோ ஆசை காட்டல்களுக்கு நடுவிலும் கறை படாமல் நடந்துகொண்ட ஆயிரக்கணக்கான நீக்ரோக்களின் குணத்துக்கும் விசுவாசத்துக்கும் இவர் எடுத்துக்காட்டு என்கிறது கல். இரண்டு இனங்களிலும் உள்ள மேலானவற்றுக்கு இது நிரந்தரப் புகழாம்.

'ஆசை காட்டல்' என்பது எது? விடுதலை! ஓடிப்போவது, வடக்குப் படையில் சேர்வது, துப்பாக்கி எடுப்பது. இவையெல்லாம் அவர்கள் அகராதியில் சபலம். 'கறை' என்பது எது? எதிர்த்து நிற்பது. ஏறக்குறைய இரண்டு லட்சம் கறுப்பர்கள் வடக்குத் தரப்பில் படையிலும் கடற்படையிலும் சேர்ந்தார்களே, அவர்கள் எல்லாரும் கறை. பேர் சொல்லாமலே திட்டுகிற சாமர்த்தியம் இந்தக் கல்லுக்கு உண்டு.

எம்.ஏ. தமிழ் படித்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒன்றுதான். பாடாண் திணையில் ஒரு பாட்டு வந்தால் பாடினவன் யார், பாடப்பட்டவன் யார், பரிசில் யார் கைக்குப் போனது என்று பார்க்கச் சொல்லித் தந்தார் எங்கள் வாத்தியார். இந்தக் கல்லில் பாடப்பட்டவருக்குப் பரிசில் எதுவும் இல்லை. வின்செஸ்டரில் அவரைப் புதைத்த இடம்கூடக் காணாமல் போயிற்று. பரிசில் முழுக்கப் பாடினவர்களுக்கு. 'எங்கள் தாத்தாக்கள் நல்ல ஆண்டைகள், அதனால்தான் அடிமைகள் விசுவாசமாக இருந்தார்கள்' என்ற நற்சான்றிதழைச் செத்தவர் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டார்கள். செத்தவர் வந்து மறுக்கவா போறார்?

ஷெப்பர்ட் யாருக்கு விசுவாசமாக இருந்தார்? அவர் போருக்கு ஒன்றரை வருஷம் முந்திச் செத்தவர். அவருக்கு ஆண்டையே இல்லை. ரயில்வே சம்பளத்துக்கு வேலை பார்த்தார். அந்தச் சுதந்திரமும் எப்படிப்பட்டது? வர்ஜீனியாவின் 1806ஆம் வருஷச் சட்டப்படி, விடுதலை பெற்ற அடிமை பன்னிரண்டு மாதத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போக வேண்டும், தனி அனுமதி இருந்தால்தான் தங்கலாம். வெள்ளையருக்கு எதிராக எந்தக் கறுப்பரும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. இப்படி வாழ்ந்த ஒருவரைச் செஞ்சோற்றுக் கடன் கழித்தவராக்கி நிறுத்துகிறது கல். எந்தச் சோறு? மூட்டை சுமந்து அவரே சம்பாதித்த சோறு.

1931 என்ற வருஷத்தையும் கவனிக்க வேண்டும். அந்த ஏப்ரலில்தான் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்புப் பையன்கள் மீது பொய் வழக்குப் போட்டு எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு மின்சார நாற்காலி, செத்தவனுக்குக் கருங்கல்.

திறப்பு விழாவில் ஒரு சம்பவம். ஊர் மேட்டில் ஸ்டோரர் கல்லூரி இருந்தது. 1867இல் விடுதலை பெற்ற கறுப்பர்களுக்காகத் தொடங்கியது. அதன் வெள்ளைக்காரத் தலைவர் விழாவில் கலந்துகொண்டார், மாணவர்களைப் பாடவும் அனுப்பினார். பாட்டை நடத்த வந்த இசை ஆசிரியை பேர்ல் டாட்டன் கறுப்பர். நிகழ்ச்சி நிரலில் அவர் பேச்சு இல்லை. எழுந்து பேசினார். நான் வடக்குப் படையில் போரிட்ட ஒருவரின் மகள், நாங்கள் இன்னும் பெரிய சுதந்திரத்தை நோக்கிப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போனார். வேலை போனாலும் போகட்டும் என்று எழுந்த ஒரு பெண்ணின் அந்தச் சில நிமிஷம்தான் என் பார்வையில் அன்றைக்குத் திறந்த உண்மையான நினைவுச் சின்னம். கல்லைத்தான் காணோம்.

மறு வருஷம் பதில் வந்தது. என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் டுபாய்ஸ் ஒரு பலகைக்கு வாசகம் எழுதினார். 1932 மே 21 தேதியிட்டது. குற்றமுள்ள ஒரு தேசத்தை எழுப்பிய அடியை ஜான் பிரவுன் இங்கே கொடுத்தார், அடிமைகளும் அடிமைகளின் மகன்களுமாக ஏழு பேர் அவரோடு நின்றார்கள், சிலுவையில் அறையப்பட்ட அவர் உடல்மீது இரண்டு லட்சம் கறுப்புச் சிப்பாய்களும் நாற்பது லட்சம் விடுதலை பெற்றவர்களும் பாடிக்கொண்டு நடந்தார்கள் என்பது சாரம். நெருப்பு. புதல்விகள் கறை என்று மறைத்ததை இவர் எண்ணிக்கை போட்டு எழுதினார். கல்லூரித் தலைவர் அதை வைக்க மறுத்துவிட்டார். ஆண்டைகள் கல்லுக்குப் பாட்டுப் பாடின கல்லூரி, கறுப்பர் பலகைக்குச் சுவர் தரவில்லை! இருபத்தாறு வருஷம் முன்னால் 1906இல், டுபாய்ஸும் நயாகரா இயக்கத்தினரும் இதே கல்லூரியில் கூடி, அப்போது ஒரு பண்ணையில் நின்ற அந்தத் தீயணைப்புக் கொட்டகைக்கு விடியற்காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போனவர்கள். அப்படிப்பட்டவருக்கு இந்த மரியாதை. பதினாலு வருஷம் கழித்து இந்த டுபாய்ஸுக்குத்தான் அம்பேத்கர் எழுதினார். கறுப்பர் பிரச்சினையை ஐ.நா. மன்றத்துக்குக் கொண்டுபோகும் மனுவின் நகல் கிடைக்குமா என்று கேட்டார்.

இங்கேதான் நம் தரப்பைப் பார்த்தும் பேச வேண்டியிருக்கிறது. டுபாய்ஸின் பலகை எனக்குப் பிடித்த பிரதி. ஆனால் அதில் ஷெப்பர்ட் இல்லை. ஒரு சொல்கூட இல்லை. அந்த 'ஏழு பேருக்கும்' பெயர் இல்லை. பெயர் உள்ள ஒரே போராளி வெள்ளைக்காரரான பிரவுன். ஸ்டோரர் பழைய மாணவர்கள் 1918இல் கொட்டகைச் சுவரில் பதித்த பலகையும் அப்படித்தான்: ஜான் பிரவுனும் அவருடைய 21 பேரும் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. தியாகத்தின் வேகத்தில் கணக்குத் தப்பிவிட்டது. 21 பேரில் ஐந்து பேர் தப்பித்து உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்போர்ன் ஆண்டர்சன். தப்பிய ஒரே கறுப்பர். 1861இல் 'ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலிருந்து ஒரு குரல்' என்று நடந்ததைப் புத்தகமாக எழுதினார். உள்ளே இருந்து சண்டை போட்டவர் தந்த சாட்சியம் அது. சாட்சி சொன்ன மனிதரையே செத்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டது நம் சொந்தப் பலகை.

ஷெப்பர்டின் சாவு நம் தரப்புக்குச் சங்கடம். விடுதலைப் படை சுட்ட கறுப்பர் என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. அதனால் அந்தப் பிணம் கேட்பாரற்றுக் கிடந்தது. கேட்பாரற்றுக் கிடந்ததை எதிரி எடுத்துக் குளிப்பாட்டி மாலை போட்டான். எந்த இயக்கத்திலும் இது நடக்கும். நம் கை தவறி, நம் தோழமையில் இருக்க வேண்டியவன் அடிபட்டால், அதை நாமே முதலில் சொல்லியாக வேண்டும். 'ஷெப்பர்ட் எங்கள் ஆள், எங்கள் குண்டில் செத்தார், இரவில் தெரியாமல் நடந்தது' என்று 1918 பலகையிலேயே ஒரு வரி வெட்டியிருந்தால், 1931இல் புதல்விகளுக்கு வேலை இருந்திருக்காது.

நியூபியை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்கியவர்கள் பக்கம் முதலில் செத்தவர் அவர்தான். ஆக ரெண்டு பக்கமும் முதல் பிணம் கறுப்புப் பிணம். அவர் விடுதலை பெற்றவர், மனைவி ஹேரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவில் அடிமைகள். சீக்கிரம் வந்து என்னை வாங்கிக்கொள், நீ வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று அந்த 1859இலேயே அவள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. பெண்டாட்டியை விலைக்கு வாங்கப் பணம் சேர்த்துப் பார்த்து முடியாமல்தான் மனுஷன் துப்பாக்கி எடுத்தார். செத்த பிறகு அவர் காதுகளை அறுத்தார்கள், உடம்பைப் பன்றிகளுக்கு விட்டார்கள். அவரும் ஷெப்பர்டும் வேறு ஒரு நாள் அந்த ரயில் நிலையத்தில் எதிரெதிரே பார்த்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள். கற்கள் அவர்களைப் பகையாளிகளாகத்தான் வைத்திருக்கின்றன.

கொட்டகையின் கதை தனி. 1891இல் பிரித்து எடுத்துச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார்கள், உலகக் கண்காட்சியை நம்பி வியாபாரம். பத்து நாளில் வந்தவர்கள் பதினொரு பேர். 1895இல் திரும்பி வந்து பண்ணையில் நின்றது. 1909இல் ஸ்டோரர் கல்லூரி வாங்கி மேட்டுக்குக் கொண்டுபோனது. 1955இல் கல்லூரி மூடிவிட்டது. 1968இல் தேசியப் பூங்காத் துறை மறுபடி கடைவீதிக்கு இறக்கியது. முதலில் நின்ற இடம் ரயில்பாதை மேட்டுக்கு அடியில் போய்விட்டதால் கொஞ்சம் தள்ளி.

புதல்விகளின் கல் 1970களில் கட்டட வேலைக்காகக் கிடங்குக்குப் போனது. 1981இல் திரும்பி வந்தது, ஆனால் மேலே மரப்பலகை அடித்து மூடி வைத்தார்கள். 1995இல் மூடியைக் கழற்றி, பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்து, டுபாய்ஸ் எழுதியதையும் அதில் சேர்த்தார்கள். டுபாய்ஸின் பலகை 2006இல்தான் மேட்டில், பழைய கல்லூரி வளாகத்தில் இடம் பிடித்தது. எழுபத்து நாலு வருஷம்! இடத்தைக் கவனியுங்கள். ஆண்டைகளின் கல் ஆட்கள் ரயிலில் வந்து இறங்கும் கடைவீதியில். கறுப்பர் வாசகம் மேடேறிப் போகிறவனுக்கு. ஊர் எது, சேரி எது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த 1995 ஏற்பாட்டை நல்ல தீர்வு என்று சொல்கிற முற்போக்காளர்கள் உண்டு. கல்லை உடைக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம், பக்கத்தில் பதில் இருந்தால் போதும் என்கிறார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம். மூடி வைத்தால் எதிரியின் மொழியை நம் பிள்ளைகள் படிக்க முடியாது, படித்தால்தானே அறுக்க முடியும். ஆனால் ஒருவன் வாதம் கருங்கல்லில் இருக்கிறது, இன்னொருவன் பதில் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பலகையைக் கழற்ற ஒரு திருப்புளி போதும். 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஓர் ஆணை போட்டார், வரலாற்றில் உண்மையையும் நிதானத்தையும் மீட்கப் போவதாக. அதையொட்டி மே மாதம், தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் அமைச்சகம் பலகைகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னது, கடந்த கால அமெரிக்கர்களை இழிவுபடுத்தும் வாசகங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும்படி. அடிமை வைத்திருந்தவனை அடிமை வைத்திருந்தவன் என்று எழுதினால் இழிவாம்!

கிரீன், கோப்லண்ட், லியரி மூவருக்கும் ஒஹையோவின் ஓபர்லின் ஊரில் 1865இலேயே பெயர் வெட்டிய கல் வைத்துவிட்டார்கள். கோப்லண்டும் லியரியும் அங்கே வாழ்ந்தவர்கள். அந்த ஊர்க்காரர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. நியூபியும் லியரியும் உட்படச் செத்தவர்கள் சிலரின் எலும்புகளை 1899இல் தோண்டி எடுத்து, நியூயார்க் மாநிலத்தில் பிரவுனின் பண்ணையில் அவர் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஆண்டர்சனின் புத்தகம் நூறு பக்கத்துக்குள் அடங்குகிற சிறு நூல். நம் தோழர்கள் யாராவது உட்கார்ந்து தமிழில் பெயர்த்துக் கொடுத்தால் இந்த இதழிலேயே தொடராகப் போடலாம். ஷெப்பர்டைப் பற்றி அவர் எழுதியிருப்பதையும் விடாமல் சேர்த்துத்தான்.