சென்னைப் பிரகடனத்தை நரிக்குடியிலிருந்து வாசித்தால்

ஆன்டிபயாடிக் மருந்துகளை அளவோடு பயன்படுத்துவது பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட ஆவணங்களில் முக்கியமான ஒன்று சென்னைப் பிரகடனம். 2012 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் கூடிப் பேசியதில் இருந்து உருவானது. ஒருங்கிணைத்தவர் தொற்றுநோய் நிபுணர் அப்துல் கஃபூர்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2010-ல், லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் என்.டி.எம்-1 பற்றிய கட்டுரை வந்தது. கார்பபெனெம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையே செயலிழக்க வைக்கும் மரபணு அது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. பெயரில் டெல்லி இருக்கிறது என்று நாடே கோபப்பட்டது. சோதித்த மாதிரிகளில் சென்னையுடையதும் இருந்தது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பிரகடனத்தில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். குறையே இல்லாத கொள்கையை விட, நடைமுறைக்கு வரக்கூடிய கொள்கைதான் வேண்டும் என்கிறது. சீட்டு இல்லாமல் மருந்து விற்பதை ஒரே நாளில் நிறுத்த முடியாது, உயர்ரக மருந்துகளில் ஆரம்பித்துப் படிப்படியாகப் போகலாம் என்கிறது. அந்த யோசனையோடு ஒத்துப்போவதுதான் 2014 மார்ச் 1 முதல் அமலான எச்-1 அட்டவணை. மொத்தம் 46 மருந்துகள். விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

பலன்? 2019-ம் ஆண்டின் தனியார் சந்தை விற்பனையை வைத்து 2022-ல் வெளியான ஆய்வில், அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மாத்திரை. அது எச்-1 பட்டியலிலேயே இல்லை. அடுத்த இடத்தில் செஃபிக்ஸிம் 200. அது பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் விற்றது! உலக சுகாதார நிறுவனம் இரண்டையுமே ‘கவனித்துக் கொடு’ என்ற வகையில் வைத்திருக்கிறது.

ஏன் இப்படி என்று பிரகடனத்தில் தேடினால் பதில் கிடைக்காது. நரிக்குடியில் தேடினால் கிடைக்கும். விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதையில் திருச்சுழிக்கு அடுத்து வரும் வானம் பார்த்த பூமி. கரிமூட்டத்துக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர் காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், அன்றைய கூலி போச்சு. “மூணு நாள் கழிச்சு வாங்க, பார்ப்போம்” என்று டாக்டர் சொன்னால் இன்னொரு நாள் கூலியும் போகும். “திரும்ப வர முடியாதுங்கய்யா, பவரா ஏதாச்சும் குடுத்துருங்க” என்பார். அவர் சொல்வதில் என்ன தப்பு?

டாக்டர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆனால் இதே பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலும் வரலாம். அதற்கு டாக்ஸிசைக்ளின் தாமதமானால் உயிருக்கே ஆபத்து. கல்ச்சர் வசதி பெரிய ஆஸ்பத்திரியில்தான், முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். பரிசோதனையும் இல்லை, ஆள் திரும்ப வருவார் என்ற உறுதியும் இல்லை. அந்த இரண்டு இடத்தையும் மாத்திரையை வைத்து நிரப்புகிறார். மாத்திரையை மட்டும் பிடுங்கினால் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

தொற்றுக் கட்டுப்பாடும் அப்படித்தான். ஆஸ்பத்திரிதோறும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு வேண்டும் என்பது சரி. ஆனால் சோப்பு போட்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். ஒவ்வொரு நோயாளிக்கும் அப்படிக் கழுவ குழாயில் தண்ணீர் வேண்டாமா? கண்மாய் வற்றிய கோடையில் குழு கூடி என்ன தீர்மானம் போட்டாலும் கை சுத்தமாகாது. ஆல்கஹால் கைத்தேய்ப்பான் இங்கேதான் அவசியம். 20, 30 விநாடி போதும், தண்ணீர் வேண்டாம். கையில் அழுக்கு தெரிந்தாலோ வயிற்றுப்போக்கு நோயாளி என்றாலோ மட்டும் சோப்பும் தண்ணீரும் கட்டாயம்.

இதைச் செய்ய வெளிநாட்டு மாடல் எதுவும் வேண்டியதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதே பணியாளர்கள் காய்ச்சல்காரர் வீட்டில் மூன்றாம் நாள் எட்டிப் பார்த்து, “காய்ச்சல் விட்டுச்சா?” என்று கேட்கலாமே. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் டாக்டருக்கும் முதல் நாளே மாத்திரை எழுத வேண்டிய பயம் குறையும். கைத்தேய்ப்பானையும் மருந்துக் கழகத்தில் பாராசிட்டமால் மாதிரி இருப்பு பார்த்து, தீரும் முன் அனுப்ப வேண்டும்.

பிரகடனம் டாக்டர், கடைக்காரர், ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று எல்லோருக்கும் வேலை கொடுத்தது. கூலியை விட்டு வந்து உட்கார்ந்திருப்பவரைக் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த முறை கூடும்போது அவரிலிருந்து தொடங்கட்டும்.