அளவு சொல்லாத இறுக்கம்

விளையாட்டு உடை ஒன்று உண்மையிலேயே வேகத்தைக் கூட்டிவிட்டால் விதி வகுப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. உடலைக் கவ்விப் பிடித்த பாலியூரித்தேன் நீச்சலுடைகளின் துணையோடு 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010 ஜனவரியில் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. தடித்த அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணிகளுக்கு 2020-ல் 40 மில்லிமீட்டர் உச்சவரம்பு விதித்தார்கள். தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கும் கம்ப்ரஷன் டைட்ஸைப் பற்றி மட்டும் தடகள விதிகள் இப்படிப் பதறியதே இல்லை. இந்த அலட்சியம் சான்று ஆகிவிடாது. ஆனால் மதிப்பீட்டைத் தொடங்க நல்ல தடயம்.

கயிலைக்குத் தலையாலேயே நடந்துபோன அம்மையாரின் ஊர் காரைக்கால்; கெண்டைக்காலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது அங்கே சற்றுப் புதிய பழக்கம்தான். கால்பந்து, கபடி, காலை ஓட்டம் எதுவானாலும் அரைக்கால் சட்டைக்குள் கறுப்பு டைட்ஸ் இப்போது வழக்கமாகி வருகிறது. தசை அதிர்வைத் தாங்கும், இரத்த ஓட்டத்தைச் சீராக்கும், தசையைச் சூடாக வைத்திருக்கும், ஆட்டம் முடிந்தபின் வலியைக் குறைக்கும் என்று நான்கு பெருமைகள் இதற்குச் சொல்லப்படுகின்றன. நான்கையும் ஒரே தராசில் போட்டு மொத்தமாகப் பாராட்டுவதும் மொத்தமாகக் கேலி செய்வதும் சோம்பேறித்தனம்.

இரத்த ஓட்டம் பற்றிய பேச்சு மருத்துவத்திலிருந்து கடன் வாங்கியது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட் சிரைநோயால் அவதிப்பட்டவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது கால் வலி தணிவதைக் கண்டார். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடுகிறது என்பதையே துணியில் கொண்டுவர முயன்று, கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இறுக்கும் ஸ்டாக்கிங்கை 1950 வாக்கில் உருவாக்கினார். யானைக்கால் நோயை நெடுங்காலம் கண்ட நம் டெல்டாவுக்கும் இந்தத் தத்துவம் அந்நியமில்லை. வீங்கிய காலைக் கழுவித் துடைத்து, பேண்டேஜைக் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்டுவது இன்றும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. ஆக, வம்சம் நல்ல வம்சம். வாரிசுரிமை கோருவதில்தான் வழக்கு இருக்கிறது.

அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறக்குறைய 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசை பம்புபோல் இயங்கி அதை 30 அளவுக்கு இறக்கிவிடும், வால்வுகள் நலமாக இருந்தால். ஓடுபவரிடம் அந்தப் பம்பு முழு வேகத்தில் வேலை செய்கிறது. அவர் காலில் துணி கூடுதலாகச் சாதிக்க மிச்சம் இருப்பது சொற்பம். இந்த இறுக்கம் உண்மையில் தேவைப்படுவது ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கும் கல்லின் முன் நிற்கும் பரோட்டா மாஸ்டர்களுக்கும்தான். (அவர்களுக்கும் ஸ்டாக்கிங்கைவிட நாற்காலி மேல். தமிழ்நாடு 2021-ல் கடை ஊழியரின் அமரும் உரிமையைச் சட்டமாக்கியது.) நோயாளிக்கும் நிற்பவருக்கும் நிரூபணமான பயனை, ஓடும் ஆரோக்கியமான காலுக்கு ஏற்றிச் சொல்வது தர்க்கப் பிழை.

அதிர்வு பற்றிய வாதம் இதைவிட நேர்மையானது, ஏனெனில் அதை அளந்து பார்க்க முடியும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அஜித் சௌத்ரி குழு 17 ஓட்டக்காரர்களை டைட்ஸோடும் டைட்ஸ் இல்லாமலும் 30 நிமிடம் ஓடவிட்டு 2017-ல் முடிவை வெளியிட்டது. தசை அதிர்வு குறைந்தது, சோர்வு குறையவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கி நிறுவனம் என்பதால் இந்தப் பாதகமான முடிவுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அடிப்படைக் கூற்று சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

சூடு என்ற மூன்றாவது பெருமையில்தான் காரைக்கால் குறுக்கே வருகிறது. குளிர்நாட்டில் இது நியாயமான வாதம்: சூடேறிய தசை வேகமாகச் சுருங்கும், வெடித்துக் கிளம்பும் ஓட்டத்துக்கு அது உதவும், ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் மாற்று வீரருக்குக் கால் உறைந்துபோகாமல் இருப்பது நன்மை. ஆனால் கடலும் அரசலாறும் சேருமிடத்தில் மார்கழி அதிகாலைகூட லண்டன் கோடையைவிட வெதுவெதுப்பு. ஓடும் காலில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. தசையைச் சூடாக்கத் துணி தேவையில்லை, ஐந்து நிமிட மெல்லோட்டம் போதும். இங்கே சிக்கல் சூட்டை வெளியேற்றுவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டி வழிந்தால் அநேகமாக ஒன்றும் போகாது. கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் ஏற்கெனவே பாதி வியர்வை வீணாகச் சொட்டுகிறது. அதன்மேல் நைலானும் எலாஸ்டேனும் நெய்த இன்னொரு தோல் எதற்கு? வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் துணி என்ற பதில் தயாராக இருக்கும். வெளிக்காற்று ஈரத்தில் நிறைந்திருக்கும்போது எங்கே தள்ளுவது?

மறுதரப்பையும் சொல்லிவிட வேண்டும். இத்தகைய உடைக்குள் தோலின் வெப்பம் ஏறினாலும் உள்ளுடல் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை என்றே ஆய்வுகள் பொதுவாகக் கண்டிருக்கின்றன. ஆகவே இது ஆபத்தான உடை என்று கூச்சலிட நியாயமில்லை. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை மிதமான வெப்பத்தில் நடந்தவை. சித்திரை மாலையில் திருமலைராயன்பட்டினத்து மைதானத்தில் நடந்தவை அல்ல.

மிஞ்சுவது நான்காவது பெருமை: ஆட்டத்துக்குப் பின் வரும் வலி. இதில்தான் உடைக்கு உண்மையான மதிப்பெண் கிடைக்கிறது. 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கடும் பயிற்சிக்குப் பின் தசைவலிமை மீள்வதற்கு இறுக்கு உடை உதவுவதாக, குறிப்பாக எடைப்பயிற்சிக்கு அடுத்த நாளிலிருந்து அந்த உதவி தெளிவாகத் தெரிவதாகக் கண்டது. குறையும் கூடவே இருக்கிறது. மருந்தென்றால் வெற்று மாத்திரை கொடுத்துச் சோதிக்கலாம். இறுக்கமான உடையை அணிந்தவருக்கு அது இறுக்கமாக இருப்பது தெரியாமல் இருக்குமா? வலி குறைந்தது என்ற உணர்வில் நம்பிக்கையின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம். வலிமையை இயந்திரத்தில் அளந்த முடிவுகளை நான் ஏற்கிறேன். வலியைக் கேட்டு எழுதியவற்றைப் பாதி விலைக்கே ஏற்கிறேன்.

இத்தனைக்கும் மேலாக ஒரு குறை இருக்கிறது; அதை மன்னிக்க எனக்கு மனமில்லை. இந்த உடையின் முழுப் பயனும் அழுத்தத்தைச் சார்ந்தது. பெட்டியில் அழுத்தம் எவ்வளவு என்று பெரும்பாலும் எழுதியிருப்பதில்லை. பாரிஸிலிருந்து ஊர் திரும்பும் காரைக்கால் உறவினர் கொண்டுவரும் மருத்துவ ஸ்டாக்கிங்கில் வகுப்பு 2 என்று இருந்தால் அது 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம். அதே வகுப்பு 2 பிரிட்டனில் 18 முதல் 24. ஜெர்மனியில் 23 முதல் 32. குழப்பம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண் நிற்கிறது. விளையாட்டு டைட்ஸில் நிற்பவை ஸ்மால், மீடியம், லார்ஜ். துணியின் இழுவிசை ஒன்றாகவே இருந்தாலும் கால் மெலிந்தால் அழுத்தம் கூடும். 40 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கெண்டைக்காலைவிட 30 சென்டிமீட்டர் காலில் அது மூன்றில் ஒரு பங்கு அதிகம். உயரம், எடை அட்டவணையைப் பார்த்து வாங்கும் கபடி ரைடருக்கும் ஒல்லியான நெடுந்தூர ஓட்டக்காரருக்கும் ஒரே மீடியம் கிடைக்கும், ஒரே அழுத்தம் கிடைக்காது. எலாஸ்டேன் துவைக்கத் துவைக்கத் தளரும் என்பதால் மருத்துவ ஸ்டாக்கிங்கை ஆறு மாதத்தில் மாற்றச் சொல்கிறார்கள். டைட்ஸ் கிழியும்வரை ஓடுகிறது.

ஆகவே கடற்கரைச் சாலையில் ஓடும்போது அணிய இதை நான் பரிந்துரைக்கவில்லை; தடுக்கவும் காரணமில்லை, தொடை உராய்வைத் தவிர்ப்பது ஒரு சிறு லாபம்தான். தசைப்பிடிப்புக்கும் சுளுக்கிற்கும் காப்பு என்று வாங்குபவர் அந்தப் பணத்தில் பாதியைப் பயிற்சியாளருக்குக் கொடுக்கலாம். தொடர்ந்து இரண்டு நாள் போட்டி ஆடும் அணி, முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் அணியட்டும். போட்டி முடிந்து சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் கால் தொங்கத் திரும்பும்போதும் அணியட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும் காலின் தமனி அடைத்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. திருப்பூரிடம் பின்னல் இயந்திரங்களும் திறமையும் இருக்கின்றன. கெண்டைக்கால் சுற்றளவுக்கு ஏற்ற அளவும், கணுக்காலில் இத்தனை மில்லிமீட்டர் பாதரசம் என்ற எண்ணும் அச்சிட்ட ஒரு ஜோடியை அது சந்தைக்கு அனுப்பும் நாளில், இந்த மதிப்பெண்ணைத் திருத்த நான் தயார்.