முகமூடி எதுக்கு?

மைக்கேல் பார்னெட்டின் ‘சூப்பர்ஹீரோஸ்’ (2011) ஆவணப்படத்தில் அமெரிக்க நகரங்களின் சாதாரண ஆட்கள் சூப்பர்ஹீரோ வேஷம் கட்டி ராத்திரி ரோந்து போகிறார்கள். குற்றவாளியைத் தேடி அலையும் காட்சிகளைவிட, வீடில்லாதவர்களுக்குப் பொருட்கள் கொடுக்கும் காட்சிகள்தான் மனசில் நிற்கின்றன. சரி, அதுக்கு எதுக்கு முகமூடி? படம் இந்தக் கேள்வியில் நின்று யோசிக்கவில்லை.

மெக்சிகோ சிட்டியில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1985 நிலநடுக்கத்துக்குப் பிறகு வீட்டுப் பிரச்சினை முற்றிய அந்த நகரில், 1987இல் ‘சூப்பர்பார்ரியோ’ கிளம்பினார்: சிவப்பு, மஞ்சள் உடை, மல்யுத்த முகமூடி. குடித்தனக்காரர்களைக் காலி பண்ணும் இடத்தில் போய் நிற்பார். கூடவே பேட்டை மக்களின் அமைப்பும் நிற்கும். பார்ரியோ என்றாலே பேட்டைதான்.

பார்னெட்டின் ஆட்களுக்குத் துணிச்சல் இருக்கு, பின்னால் பேட்டை இல்லை. படம் சொல்லாமல் விட்ட சோகம் அதுதான்.