ஆறு மணி நேர மாரத்தான்: மெதுவான ஓட்டத்தின் கணக்கு

"வேகமாக ஓடினால்தானே சிரமம்? நான் மெதுவாக, ஆற அமர ஓடி முடித்துவிடுவேன்." ஜனவரி மாதச் சென்னை மாரத்தான் நெருங்கும்போது இப்படிச் சொல்பவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். பெயர் கொடுத்தாயிற்று, கட்டணமும் கட்டியாயிற்று. பயிற்சிதான் நடக்கவில்லை. தொப்பை குறையவில்லை, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆனாலும் மெதுவாகப் போனால் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது.

இந்த நம்பிக்கையில் பாதி சரி. மாரத்தானை மெதுவாக ஓடலாம். அது குறைச்சலான ஓட்டமும் அல்ல. ஆனால் மெதுவாக ஓடினால் பயிற்சி தேவைப்படாது என்ற மீதிப் பாதி முழுத் தவறு. சில வகைகளில் மெதுவாக ஓடுபவருக்குத்தான் இந்தத் தூரம் கூடுதல் கடினம்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். 2023ல் சிகாகோவில் உலக சாதனை படைத்த கென்ய வீரர் கெல்வின் கிப்டம், 42.195 கிலோமீட்டரை 2 மணி 35 விநாடிகளில் கடந்தார். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதே தூரத்தை ஆறு மணி நேரத்தில் முடிப்பவர் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் எட்டரை நிமிடம் எடுத்துக்கொள்கிறார். தூரம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் கிப்டமைவிட மூன்று மடங்கு நேரம் இவர் வெயிலிலும் தார்ச்சாலையிலும் காலூன்றி நின்றாக வேண்டும். மெதுவான மாரத்தானை அலசும்போது மறக்கக் கூடாத எண் இதுதான்.

ஹொனலுலு காட்டிய வழி

ஒரு காலத்தில் மாரத்தான் பந்தய வீரர்களுக்கு மட்டுமான களமாக இருந்தது. 1970ல் நடந்த முதல் நியூயார்க் மாரத்தானில் ஓடத் தொடங்கியவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர்தான். நடந்தும் ஓடியும் முடிக்க நினைப்பவருக்கு அந்தக் களத்தில் இடமில்லை.

அதை மாற்றியதில் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு மாரத்தானுக்குப் பெரிய பங்கு உண்டு. 1973ல் தொடங்கிய அந்த ஓட்டத்தின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ஜாக் ஸ்காஃப் என்ற இதய நோய் மருத்துவர். நெடுந்தூர ஓட்டம் இதய நோயாளிகளுக்கும் நல்லது என்று துணிந்து சொன்னவர் அவர். ஹொனலுலுவில் நேர வரம்பே கிடையாது. சிகாகோவில் ஆறரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். டோக்கியோவில் வரம்பு ஏழு மணி நேரம். அங்கே வழியிலும் ஆங்காங்கே நேரச் சோதனைகள் உண்டு, பின்தங்கினால் ஓட்டத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். ஹொனலுலுவிலோ கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருப்பார்கள். உலகத்தின் மெதுவான ஓட்டக்காரர்கள் டிசம்பரில் அங்கே குவிவதற்கு அதுவே காரணம்.

இந்த வரலாற்றின் அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்காஃப் நேர வரம்பை நீக்கினாரே தவிர, பயிற்சியை நீக்கவில்லை. புதிதாக ஓட வருபவர்களுக்காக அவர் ஞாயிறுதோறும் ஒரு பயிற்சிக் கூடத்தையும் தொடங்கினார். அது மார்ச்சில் ஆரம்பித்து டிசம்பர் வரை நடக்கும். பக்கத்தில் ஓடுபவரிடம் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம்தான் அங்கே கற்பித்த வேகம். பேச்சு தடைபட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மிக மெதுவாக ஓடுபவர்களை வரவேற்ற ஊரே அவர்களுக்கு ஒன்பது மாதத் தயாரிப்பைக் கொடுத்தது.

மெதுவான ஓட்டத்துக்கு, பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பாஸ்போர்ட்டில் அவர் பிறந்த ஆண்டு 1911. 2000ல் லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடங்களில் முடித்தார். 2003ல் டொரன்டோவில் அதை 5 மணி 40 நிமிடங்களாகக் குறைத்தார். 2011ல் அதே டொரன்டோவில், நூறு வயதில், எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து எல்லைக் கோட்டைத் தொட்டார். "அவரே ஓடினார், நான் ஓட மாட்டேனா?" என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர். முதுமை அவருடைய வேகத்தைத்தான் குறைத்தது. தயாரிப்பில் அவர் குறை வைக்கவில்லை.

உடம்பு போடும் கணக்கு

மெதுவாக ஓடுவதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க 2,700 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தோ சுமார் 2,000 கலோரிக்குத்தான் வரும். வேகமாக ஓடினால் உடம்பு இந்த இருப்பை மளமளவென்று கரைக்கும். 30 கிலோமீட்டர் தாண்டியதும் பலர் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுவது அதனால்தான். மெதுவாக ஓடினால் கொழுப்பிலிருந்து வரும் பங்கு கூடும், மாவுச்சத்து நெடுநேரம் தாங்கும். வழியில் மணிக்கு இரண்டு வாழைப்பழம் அல்லது அதற்கு ஈடான பேரீச்சம்பழம் என்று சாப்பிட்டுக்கொண்டே போனால் இந்தச் சுவரைத் தவிர்க்கலாம்.

கால்களின் கணக்கில் அந்தச் சலுகை இல்லை. மெதுவாக ஓடும்போது எட்டு சிறியதாகும். ஒரு எட்டு 80 சென்டிமீட்டர் என்றால், முடிக்கும்போது கால்கள் 50,000 தடவைக்கு மேல் தரையில் இறங்கியிருக்கும். ஓடும்போது ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் காலில் விழுகிறது. எடை கூடியவருக்கு அந்தப் பாரமும் கூடும். இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே தேறிவிடும். தசைநாரும் மூட்டும் தேற மாதக்கணக்கு ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று ஓடுபவரை முட்டி ஏமாற்றுவது இங்கேதான்.

அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் கிளம்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மணி நேரத்தில் முடிப்பவர் 6:30க்கு, சூரியன் எழும் நேரத்தில், பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் எடுப்பவர் 32வது கிலோமீட்டரைத் தொடும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். வெயில் ஏறி இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடற்காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் வழிகிறது, காலுறை நனைந்து குதிகாலில் கொப்புளம் கட்டியிருக்கிறது. கெண்டைக்காலில் நரம்பு இழுக்கிறது. போக்குவரத்தைத் திறந்துவிட்டதால் பக்கத்தில் பேருந்து ஹாரன் அடிக்கிறது. தண்ணீர்ப் பந்தலில் மிதிபட்ட காகிதக் குவளைகள் கிடக்கின்றன, மேஜையில் தண்ணீர் இருக்குமா என்பது சந்தேகம். இன்னும் 10 கிலோமீட்டர் பாக்கி. முன்னால் போனவர்கள் பார்க்காத மாரத்தான் இது.

தண்ணீர்: கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

2007 அக்டோபரில் நடந்த சிகாகோ மாரத்தானை ஓட்ட அமைப்பாளர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அன்று வெப்பம் 31 டிகிரியைத் தொட்டது. முன்னணியில் கென்யாவின் பேட்ரிக் இவூட்டியும் மொராக்கோவின் ஜவாத் கரீபும் கடைசி அடிவரை மோதினார்கள். இருவருக்கும் நேரம் 2:11:11, விநாடியின் நூற்றில் சில பங்கு வித்தியாசத்தில் இவூட்டி வென்றார். பின்வரிசைக்கோ அன்று பெரும் சோதனை. பந்தல்களில் தண்ணீர் இல்லை என்று பலர் புகார் சொன்னார்கள். மயங்கி விழுந்தவர்களை ஆம்புலன்ஸ்கள் அள்ளிக்கொண்டு போயின. சுமார் மூன்றரை மணி நேரத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மீதிப் பேரை நடந்து வரச் சொன்னார்கள். அந்த வெயிலில் அதிக நேரம் நின்றவர்கள் மெதுவாக ஓடியவர்கள்தான்.

இதற்குப் பயந்து பந்தலுக்குப் பந்தல் வயிறு முட்டக் குடிப்பதும் தவறு. 2002ல் பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தை ஆராய்ந்ததில், 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் உப்புச்சத்து இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதே ஓட்டத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் அந்தக் காரணத்தால் உயிரிழந்தார். அளவுக்கு மீறிக் குடித்து ஓட்டத்தின்போதே எடை கூடியவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது. மெதுவாக ஓடுபவருக்குக் குடிக்க நேரமும் அதிகம், பந்தலில் நிற்கும் வாய்ப்பும் அதிகம். ஆகவே தாகம் எடுக்கும்போது குடியுங்கள். இடையிடையே உப்பும் சேருங்கள். கால்வலிக்கென்று வலி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

வேகத்தில் செய்யும் பிழை

பயிற்சி குறைந்தவர்கள் பெரும்பாலும் தோற்பது முதல் 10 கிலோமீட்டரில். கூட்டம், மேளம், குளிர்ந்த காற்று எல்லாம் சேர்ந்து காலை இழுத்துக்கொண்டு போகும். எட்டரை நிமிடத்தில் கடக்க வேண்டிய கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் கடந்தால் 10 கிலோமீட்டரில் 25 நிமிடம் மிச்சம். ஆனால் அந்த உற்சாகத்துக்கு விலையாகக் கடைசி 12 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு 13 நிமிடம் என்று நொண்டி நடக்க நேர்ந்தால் 54 நிமிடம் போய்விடும். மிச்சம் பிடித்ததைப்போல் இரண்டு மடங்கு நஷ்டம்.

இதற்கு நல்ல மருந்து, முதல் கிலோமீட்டரிலிருந்தே ஓட்டத்தையும் நடையையும் கலப்பது. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. ஒரு நிமிடம் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டம், ஒரு நிமிடம் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் நடை என்று மாற்றி மாற்றிப் போனால் ஆறேகால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். களைத்த பிறகு நடப்பது சரணாகதி. களைக்கும் முன்பே நடப்பதுதான் வியூகம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் 35வது கிலோமீட்டரிலும் நிமிர்ந்து ஓடுகிறார்.

இதயத்தைக் கேட்டுவிட்டு ஓடுங்கள்

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1.09 கோடி பேரைப் பற்றிய ஆய்வில், 59 பேருக்கு ஓட்டத்தின்போது இதயம் நின்றுபோனது தெரியவந்தது. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். மாரத்தானில் இந்த ஆபத்து அரை மாரத்தானைவிடச் சுமார் நான்கு மடங்கு. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எண்ணிக்கையைப் பார்த்துப் பீதியடையத் தேவையில்லை, இது மிக அரிதான நிகழ்வு. ஆனால் நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு கண்டவர் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் ஓட்ட எண்ணை மார்பில் குத்திக்கொள்ளக் கூடாது. ஓட்டத்தின் நடுவே நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், குழப்பம் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பதக்கம் அடுத்த வருடமும் கிடைக்கும்.

தீர்ப்பு இதுதான். ஐந்து மாதம் கையில் இருந்து, வாரம் மூன்று நாள் ஓடி, ஞாயிறு தூரத்தை மெல்ல மெல்ல 28, 30 கிலோமீட்டர் வரை ஏற்றி, கடைசி இரண்டு மூன்று வாரம் குறைத்து ஓய்வெடுத்தவர், வேகம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தைரியமாக மாரத்தானுக்குப் போகலாம். இன்னும் 15 கிலோமீட்டர்கூடச் சேர்ந்தாற்போல் நடந்து பார்க்காதவர், கையில் சில வாரமே இருந்தால், இந்த வருடம் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மாறிக்கொள்ளட்டும். அதில் தலைகுனிவு எதுவும் இல்லை.

அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழுக் கட்டணம் கட்டிய கடைசி ஓட்டக்காரர் வந்து சேரும்வரை தண்ணீர்ப் பந்தலைக் கலைக்காதீர்கள், மருத்துவக் குழுவைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவருக்குத்தான் அவை அதிகம் தேவை.