கல்லீரல் சொல்லும் பாதி உண்மை

கடலில் திரியும் இளம் சால்மன் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அறிய, அதே மீனை மறுபடி பிடித்து அளப்பது நடவாத காரியம். பிடித்த அன்றே சிறிதளவு இரத்தம் எடுத்து வளர்ச்சியைக் கணிக்கும் முறைக்கு அதனால்தான் மதிப்பு.

வளர்ச்சி ஹார்மோன் தூண்டினால் கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. இரத்தத்தில் அதன் பெரும்பகுதி பிணைப்புப் புரதங்களோடு ஒட்டியே சுற்றுகிறது. அவற்றில் முதல் வகை, மீன் பட்டினி கிடந்தால் ஏறும். தீனி கிடைத்தால் இறங்கும். வரிக்குதிரை மீனின் கருவில் ஆக்சிஜன் குறைந்தாலும் இதுவே பெருகி வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 2005-இல் காட்டினார்கள். ஆக, இந்தப் புரதத்தை இரத்தத்தில் அளந்து வளர்ச்சியைக் கணிப்பதற்கு அடிப்படை உண்டு.

சிக்கல் வேறிடத்தில். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலும் இதே புரதத்தை ஏற்றிவிடும். வலையிலிருந்து எடுத்ததும் இரத்தம் எடுத்தால் சரி. சில மணி நேரம் தொட்டியில் போட்டு வைத்தால் நாம் அளப்பது பசியையா, பயத்தையா?

அடையாளமும் குழப்பம்தான். புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வில் ஏற்றி, குறியிட்ட ஐஜிஎஃப்-ஐ ஒட்டவைத்தால் சால்மன் இரத்தத்தில் 22, 28, 41 கிலோடால்ட்டனில் பட்டைகள் தெரியும். ஒட்டுகிறது என்பதைத் தவிர அந்தப் பட்டை வேறொன்றும் சொல்லாது. 41-ஐப் பாலூட்டிகளைப் பார்த்து மூன்றாம் வகை என்றே வெகுகாலம் எழுதினார்கள். பிறகு அது 2பி வகை என்று தெரிந்தது. மரபணுத்தொகை கூடுதலாக இரட்டித்த சால்மன் குடும்பத்தில் இந்தப் பிணைப்புப் புரதங்களுக்குச் சுமார் 20 மரபணுக்கள். பாலூட்டிகளுக்கு 6தான், அந்த அளவுகோல் இங்கே எப்படிப் பொருந்தும்?

எனக்கு அதிகம் உறுத்துவது, கல்லீரலை அறுத்து, இந்தப் புரதங்களுக்கான மரபணுச் செய்தியான எம்ஆர்என்ஏ-வை அளந்துவிட்டு ‘புரத உற்பத்தி கூடியது’ என்று எழுதும் வழக்கம். மீனும் சாகிறது, புரதமும் அளக்கப்படவில்லை. வரிக்குதிரை மீனின் லார்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோலில் கால்சியம் உறிஞ்சும் செல்களிலேயே 5ஏ வகைப் பிணைப்புப் புரதம் உருவாகிறது. பாப்-ஏ என்ற நொதி அதைத் துண்டித்த பிறகே பிடியிலிருந்த ஐஜிஎஃப் வெளிப்பட்டு அந்தச் செல்களைப் பெருகச் செய்கிறது. கல்லீரலுக்கு வெளியே, புரதம் உருவான பின் நடக்கும் இந்த வெட்டு எம்ஆர்என்ஏ அளவில் தெரியவே தெரியாது.